ஏன் வருவதில்லை என்று கேட்டீர்களா?

ஆசிரியருக்கு,

சென்னையில் சாலையோரம் வாழும் பெண்கள், கூப்பிட்டாலும் காப்பகத்துக்கு வர மறுக்கிறார்கள் என்று அதிகாரிகள் சொல்வதாக உங்கள் செய்தியில் படித்தேன். காரணத்தை அந்தப் பெண்களிடம் யாராவது கேட்டார்களா, தெரியவில்லை. பாரிமுனையில் நான் வழக்கமாகப் பூ வாங்கும் அம்மா அதே நடைபாதையில் பிறந்து, அங்கேயே பிள்ளைகளையும் வளர்த்தவர். "எங்களப் பார்த்தா திருடி, இல்லன்னா அந்த மாதிரி பொம்பளன்னுதான் நினைக்கிறாங்க. ராத்திரி வண்டிய நிறுத்தி ஏறுன்னா, புடிச்சிட்டுப் போறாங்கன்னுதானே தோணும்?" என்றார். பிச்சை எடுப்பவரைப் பிடித்து அடைக்க 1945-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கும் மாநிலத்தில் இந்தப் பயம் ஒன்றும் கற்பனை இல்லை. இத்தனைக்கும் அவர் உழைத்துச் சாப்பிடுகிறவர்.

பெருநகரங்களில் லட்சம் பேருக்கு ஒரு காப்பகமாவது வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-லேயே சொல்லிவிட்டது. சரி, கட்டடம் கட்டலாம், ஆனால் தங்களைக் குற்றவாளியாகத்தான் பார்க்கிறார்கள் என்று நம்புகிறவர் அதற்குள் எப்படி வருவார்? இரவில் வண்டி அனுப்புவதை விட்டுவிட்டு, அதே தெருக்களில் வாழ்ந்த பெண்களைச் சம்பளத்துக்கு வைத்துப் பகலில் பேச அனுப்புங்கள். அப்புறம், கணவனும் வளர்ந்த மகனும் கூடவே தங்கும்படி குடும்பக் காப்பகங்களையும் திறக்க வேண்டும்.

- ஒரு வாசகி, ராயபுரம், சென்னை