அலையாத்திக்கும் கணக்கு எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். எண்ணூர் கழிமுகம் பற்றிப் பேச்சு எடுத்தாலே, "அதனால் என்ன வருமானம்?" என்று கேட்கிறார்கள். மீன் எத்தனை கிலோ, இறால் எத்தனை கிலோ என்று எழுதிக்கொண்டு போய்விடுகிறார்கள். நான் காட்டுக்குப்பத்தில் வாழ்க்கைப்பட்டவள், மீன் விற்கிறவள். அது பாதிக் கணக்குதான்.

இறால் முட்டையிடுவது கடலில். குஞ்சுகள் கடல் ஏற்றத்தோடு ஆற்றுக்குள் வந்து, உப்புச் சேற்றில் வளரும் அலையாத்தி மரங்களின் வேர்களுக்கு நடுவே வளர்ந்து, பெரிதானதும் கடலுக்குத் திரும்புகின்றன. காசிமேட்டில் ஏலம் போகிற இறாலுக்கும் இப்படிப்பட்ட சேறுதான் தாய்வீடு. இங்கே இருளர் பெண்கள், பிடித்ததைப் போடும் கூடையான பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு, தண்ணீருக்குள் கையால் துழாவியே இறால் பிடிப்பார்கள். வேர் தட்டுப்பட்டால் கையை விலக்கிக்கொள்வார்கள், ஒன்றையும் பிடுங்க மாட்டார்கள். வேர் போனால் இறாலும் போச்சு என்று அவர்களுக்குத் தெரியும்.

சரி, மீனே சாப்பிடாதவர்களுக்கு என்ன லாபம்? பூண்டி ஏரியைத் திறந்தால் கொசஸ்தலை ஆற்றுத் தண்ணீர் மணலி புதுநகர் பக்கமாக வந்து எண்ணூரில்தான் கடலில் சேர வேண்டும். முகத்துவாரமும் சதுப்பும் தூர்ந்து போகாமல் இருந்தால்தான் அந்த வெள்ளம் வடியும். அனல் மின் நிலையச் சாம்பல் படிந்து மேடாகிவிட்டால் தண்ணீர் வீட்டுக்குள்தானே வரும்? இந்தக் கழிமுகத்தைக் கண்ணால் பார்க்காதவர்களும், இதிலிருந்து ஒரு நண்டுகூட எடுக்காமல், இதனால் பிழைக்கிறார்கள். அதை யார் எழுதுகிறார்கள்?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையோடு எண்ணெய் வந்து படிந்தது. சேற்றுக்கு மேலே விரல் விரலாக நீட்டி நிற்கும் வேர்கள்தான் அலையாத்திக்கு மூக்கு. அத்தனையிலும் தார் பூசினதுபோல அப்பிக்கிடந்தது. கணக்கெடுக்க வந்தவர்கள் படகையும் வலையையும் எண்ணினார்கள், எங்களுக்கு அதுவும் வேண்டியதுதான். ஆனால் எங்கள் தெருப்பக்கம் ஒரு மரத்தையும் யாரும் எண்ணியதாக நான் பார்க்கவில்லை.

அதிகாரிகளிடம் உங்கள் பத்திரிகை வழியாகக் கேட்கிறேன். இங்கே எந்தத் திட்டத்துக்கு அனுமதி கொடுப்பதானாலும், இந்தச் சதுப்பு நின்றபடியே தருவதையும் மதிப்பிட்டு எழுதுங்கள். எழுதும்போது மீனவர்களையும் இருளர் பெண்களையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். அப்புறம், மரக்கன்று நட வருவதற்கு முன்னால் சாம்பல் வருவதை நிறுத்துங்கள்.

இப்படிக்கு,
வாசகி,
காட்டுக்குப்பம், எண்ணூர்.