தேதி போட்டு எழுதிய கணக்கு

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதமும் கூடவே வைத்திருந்த, ஊர் மாறிப் போவதற்கான செலவுப் பட்டியலும் கிடைத்தன. கடிதத்தைவிடப் பட்டியல்தான் நீளம். ஒரே அறையில் தங்கிப் படித்த காலத்தில் சோப்பு, எண்ணெய், தாள் என்று மாதக் கடைசியில் பங்கு பிரிப்பாயே, அதே கையெழுத்து. மொத்தத்துக்குக் கீழே போடும் இரட்டைக் கோடுகூட மாறவில்லை. பார்த்ததும் சிரித்துவிட்டேன்.

இங்கே எல்லோரும் நலம். மகளுக்கு இந்த ஊர் பழகிவிட்டது, பழைய தோழிகளின் பெயரைச் சொன்னால் ஒரு நொடி யோசிக்கிறாள். இரண்டு வருடமாகியும் எனக்குத்தான் இருட்டில் எழுந்தால் கை பழைய வீட்டு சுவிட்ச் இருந்த பக்கமே போகிறது. முழங்கால் வலி தேவலை. அப்புறம், நீ வளர்க்கச் சொல்லிக் கொடுத்த மணிபிளான்ட் பிழைத்துக்கொண்டது. அது வந்த கதையைப் பிறகு சொல்கிறேன்.

சரி, பட்டியலுக்கு வருகிறேன். லாரி, பேக்கிங், டிக்கெட், புது வீட்டு முன்பணம் என்று ஒவ்வொன்றுக்கும் நேரே தொகை எழுதி அழகாகக் கூட்டியிருக்கிறாய். கூட்டலில் பிழை இல்லை. ஆனால் எதற்கும் தேதி போடவில்லை. நான் செய்த தப்பும் இதுதான், எனக்கு அது பட்ட பிறகுதான் புரிந்தது. என் கணக்கும் மொத்தமாகப் பார்த்தால் சரியாகவே இருந்தது. ஆனாலும் சாமான் இறங்கிய மறுநாள் கையில் பணமில்லாமல் நின்றேன்.

உன் முன்பணத்தையே எடுத்துக்கொள். புது வீட்டுக்குச் சாவி வாங்கும்போதே அதைக் கொடுத்தாக வேண்டும். பழைய வீட்டுக்காரரோ காலி செய்து, சுவரைப் பார்த்து, மின் கட்டண பாக்கியைக் கழித்து, தன் வசதிப்படிதான் திருப்பித் தருவார். இரண்டுக்கும் நடுவே ஒரு மாதம்கூட ஓடிவிடும். பட்டியலில் ஒன்றை வரவாகவும் மற்றதைச் செலவாகவும் எழுதிவிட்டால் இரண்டும் நேர் ஆகிவிட்ட மாதிரித் தெரியும். உண்மையில் அந்த ஒரு மாதம் முழுக்க இரண்டு முன்பணமும் உன் கையை விட்டுப் போயிருக்கும். வாடகையும் அப்படித்தான். சாமான் போய்ச் சேரும் முன் புது வீடு வேண்டும், சாமான் கிளம்பும்வரை பழைய வீடும் வேண்டும். எவ்வளவு சாமர்த்தியமாகத் திட்டம் போட்டாலும் சில நாளுக்காவது இரட்டை வாடகை விழும். அதைத் தனி வரியாகவே எழுதிவிடு.

அதனால் ஒரு நோட்டில் கிளம்பும் நாளைப் பூஜ்யம் என்று வைத்துக்கொண்டு, அதற்கு 60 நாள் முன்பிருந்து 45 நாள் பின்புவரை கோடு போடு. ஒவ்வொரு தொகையையும் அது எந்த நாளில் கையை விட்டுப் போகிறதோ அங்கே எழுது. வருவதை எப்போது வரும் என்று நம்புகிறாயோ, அதற்கு இரண்டு வாரம் தள்ளி எழுது. பிறகு மேலிருந்து ஒவ்வொரு நாளாகக் கழித்துக்கொண்டே வா, எந்தத் தேதியில் கையிருப்பு தரை தட்டுகிறது என்று தெரிந்துவிடும். எனக்கு அது சாமான் இறங்கிய வாரம். உனக்கும் அநேகமாக அப்போதுதான் இருக்கும்: லாரி பாக்கி, ஏணி ஏறும் எலெக்ட்ரீஷியன், புதுப் பள்ளிக் கட்டணம் எல்லாம் ஒன்றாக வந்து நிற்கும் வாரம் அது. அந்த ஒரு வாரத்தைத் தாண்டப் பணம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது.

லாரியில் நான் மிச்சம் பிடித்த கதையை உனக்கு எழுதவில்லை, வெட்கமாக இருந்தது. தனி லாரிக்கு 100 கேட்டார்கள் என்று வைத்துக்கொள். இன்னொரு வீட்டுச் சாமானோடு சேர்த்து ஏற்றினால் 65 என்றார்கள். 35 மிச்சம் என்று உடனே தலையாட்டினேன். நாலு நாளில் வரும் என்றது பதினோராம் நாள் வந்தது. மற்ற வீட்டுச் சாமான் தயாராகும்வரை லாரி கிளம்பவில்லை, வழியில் ஒரு கிடங்கில் இறக்கி வேறு வண்டிக்கு மாற்றியிருக்கிறார்கள். அந்த ஏழு நாளும் அறை வாடகை, மூன்று வேளையும் வெளிச் சாப்பாடு, போர்வை, வாளி, மகளுக்கு இன்னொரு ஜோடிச் செருப்பு. மிச்சம் பிடித்த 35 போய் அதற்கு மேலும் கரைந்தது. இரண்டு தடவை ஏற்றி இறக்கியதில் கண்ணாடி அலமாரி வேறு உடைந்தது. சேர்த்து அனுப்புவதே தப்பு என்று சொல்ல மாட்டேன். சாமான் கொஞ்சமாக இருந்து, போகும் இடத்தில் தங்க யாராவது இருந்தால் அதுதான் லாபம். உன் கணவர் அங்கே ஏற்கெனவே அறை எடுத்திருப்பதால் உனக்கு ஒத்து வரலாம். ஆனால் தாமதத்துக்கு ஒரு நாளுக்கு எவ்வளவு ஆகும் என்று முதலில் கணக்குப் போட்டு, அதை ஏழால் பெருக்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்.

எதை எடுத்துப் போவது, எதை விற்பது என்று கேட்டிருந்தாய். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று சும்மாவா சொன்னார்கள்! லாரியில் நீ வாங்குவது இடம், அதனால் கன அடியில் யோசி. ஆறரை அடி உயரம், 3 அடி அகலம், ஒன்றரை அடி ஆழமுள்ள பீரோ சுமார் 29 கன அடி. ஆறரை அடி நீளம், 3 அடி அகலம், 3 அடி உயரமுள்ள சோபா சுமார் 58. பீரோவைப்போல இரண்டு மடங்கு இடத்தை அடைத்துக்கொண்டு சோபா பெரும்பாலும் காற்றைத்தான் சுமந்து வருகிறது. லாரிக்கு ஆகும் மொத்தத் தொகையை உன் சாமானின் மொத்தக் கன அடியால் வகுத்தால் ஒரு கன அடி என்ன விலை என்று வரும். அதை 58-ஆல் பெருக்கி, அந்தச் சோபாவை இப்போதுள்ள ஊரில் விற்றால் கிடைப்பதையும் அதோடு கூட்டி, புது ஊரில் அதே தரத்தில் பழையது ஒன்று வாங்க ஆவதோடு ஒப்பிடு. என் சோபாவை இந்தக் கணக்கில் போட்டுப் பார்த்தபோது அது வந்த பிறகு மூன்று மாதம் ஆகியிருந்தது. இப்போதும் அதில்தான் உட்கார்ந்து எழுதுகிறேன், நன்றாகவே இருக்கிறது, அது வேறு விஷயம்.

புத்தகம் நேர்மாறு. இடம் கொஞ்சம், எடை அதிகம். சின்னப் பெட்டியில்தான் போட வேண்டும். 45 சென்டிமீட்டர் நீளம், 30 அகலம், 30 உயரமுள்ள பெட்டியே நிறைந்தால் 20 கிலோவைத் தாண்டிவிடும், அதற்குப் பெரிய பெட்டி எடுத்தால் அடி கழன்றுவிடும். தலையணை, மெத்தை விரிப்பைத் தனியாகக் கூரியரில் அனுப்பலாம் என்று எழுதியிருக்கிறாயே, வேண்டாம். பல கூரியர்கள் பெட்டியின் மூன்று அளவையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்து, அந்த எடைக்கும் நிஜ எடைக்கும் எது அதிகமோ அதற்குப் பணம் வாங்குவார்கள். பக்கத்துக்கு 60 சென்டிமீட்டர் உள்ள பெட்டி என்றால் 43 கிலோவுக்குக் கட்ட வேண்டும், உள்ளே இருப்பது ஐந்து கிலோ பஞ்சு. அவற்றைக் கண்ணாடிச் சாமானுக்கு நடுவே திணித்துவிடு, பப்பிள் கவர் செலவாவது குறையும்.

உன் அம்மாவின் தையல் மெஷினுக்கு நேரே ‘விற்க’ என்று எழுதி, அடித்து, மறுபடி எழுதியிருக்கிறாய். அதை இந்தக் கணக்குக்குள் கொண்டுவராதே. எடுத்துப் போ.

சாமானைக் கட்டி ஏற்றி அனுப்பும் மூவர்ஸ்காரர்களிடம் போனில் விலை கேட்காதே, நேரில் வந்து பார்க்கச் சொல். பார்க்க வரும்போது பரணையும் பால்கனியையும் கட்டிலின் அடியையும் திறந்து காட்டு. நான் பரணைக் காட்ட மறந்தேன். ஏற்றும் நாளில் அங்கிருந்து பதினாலு பெட்டி இறங்கியது, விலையும் அங்கேயே ஏறியது. வாசலில் லாரி நிற்கும்போது பேரம் பேச முடியாது. மூன்று பேரிடமாவது எழுத்தில் வாங்கு. மாடி ஏற்றக் கூலி, லாரி தெருவுக்குள் வராவிட்டால் சின்ன வண்டிக் கூலி, கட்டில் பீரோவைக் கழற்றி மாட்டும் கூலி, வரி, காத்திருப்புக் கட்டணம் எல்லாம் அந்தத் தொகைக்குள் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேள். பெயரைச் சொல்லிக் கேட்காததெல்லாம் பிறகு தனிக் கட்டணமாக வந்து நிற்கும். ஒருவர் மட்டும் மற்றவர்களைவிட ரொம்பக் குறைவாகச் சொன்னால் சந்தோஷப்படாதே, எதை விட்டுவிட்டார் என்று தேடு. முழுப் பணத்தையும் முன்னாலேயே கொடுத்துவிடாதே, ஒரு நல்ல பங்கு சாமான் இறங்கும்வரை உன்னிடமே இருக்கட்டும்.

இன்சூரன்ஸ் எடுத்தால் எந்தச் சாமானுக்கு என்ன மதிப்பு என்று பட்டியல் போட்டுக் கொடு. நாமே கட்டிய பெட்டிக்குள் உடைந்தால் பல இடங்களில் தரமாட்டார்கள், அதையும் கேட்டுக்கொள். இறக்கிய பிறகு நீட்டும் தாளில் கையெழுத்துப் போடும் முன், உடைந்தது, கீறியது, வராதது எல்லாவற்றையும் அந்தத் தாளிலேயே எழுது. நான் களைப்பில் ‘எல்லாம் சரி’ என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன். கண்ணாடி அலமாரிக்கு ஒரு பைசா வரவில்லை.

ஃபிரிட்ஜை முந்தின நாளே அணைத்து, பனி உருகவிட்டுத் துடைத்து வை. நிற்க வைத்தே கொண்டுபோகச் சொல், படுக்க வைத்தால் கம்ப்ரஸர் எண்ணெய் குழாய்க்குள் போய்விடும். வாஷிங் மெஷின் முன்பக்கம் திறப்பதென்றால், வாங்கியபோது டிரம்மைப் பூட்டிவைக்கக் கொடுத்த போல்ட்டுகள் எங்கேயாவது இருக்கும், இப்போதே தேடு. கேஸ் சிலிண்டர், பெயின்ட், தின்னர் எல்லாம் லாரியில் ஏறக் கூடாது. சான்றிதழ், நகை, மருந்து, சார்ஜர் உன் கைப்பையில் வரட்டும்.

கடைசி வரியில் ‘இதர’ என்று 5 சதவீதம் போட்டிருக்கிறாய். உன் தைரியத்தைப் பாராட்டுகிறேன். 15 ஆக்கு. பழைய வீட்டுத் திரைச்சீலை புது ஜன்னலுக்கு எட்டாது. கதவுக்குப் பூட்டு மாற்ற வேண்டும், ஸ்டவ் குழாய் ஒரு சாண் குறையும், பிளக் சுவரின் தப்பான மூலையில் இருக்கும். ஒவ்வொன்றும் சின்னத் தொகை. முதல் மாதம் நான் ஆணிக்கும் ஸ்க்ரூவுக்கும் கடைக்கு நடந்த நடையில்தான் முழங்காலே போயிற்று என்று இவர் இன்னும் கேலி செய்கிறார்.

மணிபிளான்ட் கதை: லாரியில் செடி ஏற்ற மாட்டோம் என்றுவிட்டார்கள். இரண்டு கொடியை வெட்டி ஈரத்துணியில் சுற்றி, தண்ணீர் பாட்டிலில் செருகி மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். என் பட்டியலில் செலவே இல்லாமல் வந்து சேர்ந்தது அது ஒன்றுதான்.

ஒரு காரியம் செய். பீரோவையும் கட்டிலின் தலைப்பக்கப் பலகையையும் இன்றைக்கே அளந்து, உன் கணவரிடம் சொல்லிப் புது வீட்டு லிப்ட் கதவையும் மாடிப்படி திருப்பத்தையும் அளக்கச் சொல். அடுத்த கடிதத்தில் இரண்டு அளவையும் எழுது, தேதி போட்ட கணக்கையும் சேர்த்து அனுப்பு. உட்கார்ந்து பார்த்து எழுதுகிறேன்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழி

பி.கு.: கடைசிப் பெட்டிக்குள் கத்தரிக்கோலைப் போட்டு மேலே டேப் ஒட்டிவிடாதே. நான் நாற்பத்திரண்டு பெட்டியையும் வீட்டுச் சாவியால்தான் கிழித்தேன்.