குடியிருப்போர் நலச் சங்கம், கோத்தகிரி: 2024-25 ஆண்டறிக்கை (பொதுக்குழுவில் செயலாளர் வாசித்தது)

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, வந்திருக்கும் உறுப்பினர்களே, வராத உறுப்பினர்களே (அவர்களுக்கும் இதன் நகல் வாட்ஸ்அப்பில் போகும், நீலக் கோடு விழும், பதில் வராது), அனைவருக்கும் வணக்கம்.

சுதந்திர தினத்துக்கும் குடியரசு தினத்துக்கும் கொடியேற்றி மிட்டாய் கொடுத்தோம். பொங்கல் விழா நடந்தது. கண் பரிசோதனை முகாம் நடந்தது. மேல் சந்துத் தெருவிளக்குக்காக நான்கு மனு கொடுத்தோம். இப்போது எரிகிறது, பகலிலும் எரிகிறது. நிர்வாகக் குழு ஒன்பது முறை கூடியது. அதில் நான்கு முறை கோரம் (கூட்டம் செல்லுபடியாகத் தேவையான ஆள் எண்ணிக்கை) இல்லாமல் நானும் தலைவரும் டீ குடித்துவிட்டுக் கலைந்தோம்.

இனி சாப்பாட்டு நோட்டு விஷயத்துக்கு வருகிறேன். இதைப் பற்றிப் பலவிதமாகப் பேசப்படுவதால் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

சென்ற பொதுக்குழுவில் ஓர் உறுப்பினர் எழுந்து, "நம்ம ஊர்ல நம்பிச் சாப்பிட ஒரு ஹோட்டல் இருக்குதுங்களா? எல்லாமே நேத்து வெச்சது" என்றார். அடுத்த அரை மணி நேரம் வேறு எந்தப் பொருளும் விவாதிக்கப்படவில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கத்து மெஸ் ஒன்றின் சாம்பாரை ஒருவர் மூன்று நாள் சாம்பார் என்றார். இன்னொருவர், அந்தச் சாம்பாருக்காகவே கட்டபெட்டிலிருந்து பஸ் ஏறி ஆள் வருகிறார்கள் என்றார். இப்படி வாயால் பேசிக்கொண்டே இருந்தால் கடைக்காரருக்கும் லாபமில்லை, நமக்கும் லாபமில்லை, ஒரு நோட்டுப் போட்டு எழுதி வைப்போம் என்று சொன்னது நான்தான். கைதட்டி ஏற்றுக்கொண்டீர்கள். யோசனை சொன்னவர் தலையிலேயே வேலையைக் கட்டுவது நம் சங்கத்தின் வழக்கம், அதுவும் தவறாமல் நடந்தது.

இருநூறு பக்க நோட்டு ஒன்று வாங்கிப் பேப்பர் கடையில் வைத்தோம். தேதி, நேரம், கடை, என்ன சாப்பிட்டீர்கள், எப்படி இருந்தது என்று ஐந்து பத்தி போட்டுக் கொடுத்தேன். பேனா மூன்று முறை காணாமல் போனதால் நூலில் கட்டினோம். ஆண்டு முடிவில் மொத்தம் 61 பதிவுகள். அதில் 38 என் கையெழுத்து. மீதியில் "பூரி நன்று" என்பது ஐந்து. "கல்லாவில் இருப்பவருக்கு மரியாதை தெரியவில்லை" என்பது இரண்டு. ஒன்று யாரோ ஒரு பிள்ளையின் வகுத்தல் கணக்கு. ஏன் எழுதவில்லை என்று கேட்டால், "எதுக்குங்க சார் வம்பு, நாளைக்கு அவர் முகத்துல முழிக்கணும்" என்கிறீர்கள். சரி, சின்ன ஊர், நியாயம்தான். ஆனால் அதே ஆள் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, அடுத்த கடைக்கே கேட்கிற மாதிரி அதையே சொல்கிறார்.

எழுதியவர்கள் குறைவு என்றாலும் எழுதியதில் விஷயம் இருந்தது. டிசம்பர், ஜனவரியில் ஒரே கடையைப் பற்றி நான்கு பேர் "இட்லி கல், பழைய மாவு" என்று எழுதியிருந்தார்கள். கடைக்கார அக்காவிடம் கேட்கலாம் என்று காலை ஐந்தரைக்கே போனேன். அடுப்புக்குப் பக்கத்தில், மூடி போட்ட ஒரு மாவுத் தூக்குக்குப் பழைய ஸ்வெட்டர் ஒன்றைப் போட்டுக் கையை முன்னால் முடிச்சுப் போட்டு வைத்திருந்தார். "இந்தக் குளிர்ல மாவு பொங்கோணும்னா அதுக்கும் ஸ்வெட்டர் போடோணுங்க சார்" என்றார். கீழே மேட்டுப்பாளையத்தில் ராத்திரி ஆட்டி வைத்தால் விடியும்போது மாவு பொங்கி நிற்கும். இங்கே மார்கழியில் மறுநாள் சாயங்காலம் வரைக்கும் அசையாது. பொங்காத மாவில் ஊற்றினால் இட்லி கல்லாகத்தான் வரும். அதாவது அந்த நான்கு பேரும் பழசு என்று எழுதியது, புளிக்க நேரமே கிடைக்காத புது மாவைப் பற்றி. அக்கா சிரித்துவிட்டார். எனக்குத்தான் சங்கடமாக இருந்தது.

இதற்கு நேர் எதிரானது ஃப்ரைட் ரைஸ். இரவு மிஞ்சின சோற்றை மறுநாள் கிளறுவது ரகசியமே இல்லை. சில கடையில் கேட்டால் சொல்லிவிடுகிறார்கள். "ஃப்ரிட்ஜ் எதுக்குங்க, மலையே ஃப்ரிட்ஜுதானே" என்பதுதான் எல்லோரும் சொல்லும் பதில். வெளியே குளிர் என்பது உண்மை. ஆனால் அண்டா இருப்பது அடுப்பெரியும் சமையலறையில். பெரிய அண்டாச் சோற்றின் நடுப்பகுதி மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே இருக்கும். சமைத்ததை 60 டிகிரிக்கு மேல் சூடாக வைக்க வேண்டும், இல்லையென்றால் 5 டிகிரிக்குக் கீழே குளிர வைக்க வேண்டும், நடுவில் விடக்கூடாது என்பதுதான் உணவுப் பாதுகாப்புத் துறையின் விதி. சோற்றில் வளரும் பாசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் விதை கொதியிலும் சாகாது. அது விட்ட நஞ்சு மறுபடி வாணலியில் போட்டு வதக்கினாலும் போகாது. குளிரில் கெட்ட வாடை சீக்கிரம் எழாது என்பதால் நம் மூக்கும் ஏமாந்துபோகிறது.

இங்கேதான் தெர்மாமீட்டர் வருகிறது. சங்கப் பணத்தில் 650 ரூபாய்க்கு உணவுச் சூடு பார்க்கும் தெர்மாமீட்டர் வாங்கியதைப் பற்றி நிர்வாகக் குழுவில் கேள்வி எழுந்தது. முன் அனுமதி வாங்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். அனுமதி கேட்டுக் கூட்டிய கூட்டத்தில்தான் கோரம் இல்லையே. வாங்கி வந்த அன்று வீட்டில் கொதிக்கும் தண்ணீரில் விட்டுப் பார்த்தால் 94-ல் நின்றுவிட்டது. கொதிநீர் 100 என்றுதானே நாம் படித்தது? கடையில் ஏமாற்றிவிட்டான் என்று குழுவில் ஒருவர் தீர்ப்பே சொல்லிவிட்டார். நம் சங்கத்தில் ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். அவர்தான், கருவி சரியாகத்தான் காட்டுகிறது, ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு, தண்ணீர் 94-லேயே கொதித்துவிடும் என்று விளக்கினார். பருப்பு வேக மாட்டேன் என்கிறது, குக்கர் இல்லாமல் சமையல் இல்லை என்று நம் வீடுகளில் சொல்வதற்கும் அதுதான் காரணம். ஆக, அந்த 650 ரூபாய் வீண் போகவில்லை என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன்.

ஆறு கடையில் அனுமதி கேட்டேன், ஐந்தில் சாம்பார் பார்த்தேன். காலை பத்து மணிக்கு எல்லா இடத்திலும் நன்றாகவே சூடு. மதியம் மூன்றரைக்கு இரண்டு கடையில் 60 தாண்டியது, மற்றதில் நாற்பது, நாற்பத்தைந்து. ஆறாவது கடையில், "சாம்பாருக்குக் காய்ச்சல் பார்க்க வந்தீங்களா சார்?" என்று கேட்டு வெளியே அனுப்பிவிட்டார்கள். அந்தக் கடையின் முதலாளி நம் உறுப்பினர் ஒருவரின் மைத்துனர் என்பதும், அந்த உறுப்பினர் அதற்கப்புறம் கூட்டத்துக்கு வருவதில்லை என்பதும் தற்செயல் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

கடைக்காரர்கள் பக்கமும் சொல்ல வேண்டும். உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் நீலகிரிக்கு ஏறும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் (ஆன்லைன் அனுமதிச் சீட்டு) வந்தபின், எந்த வாரம் எவ்வளவு கூட்டம் வரும் என்று கணக்குப் போட முடியவில்லை என்கிறார்கள். சனி, ஞாயிறுக்கு என்று வாங்கிப் போட்டு, ஆள் வராவிட்டால் திங்கட்கிழமை நாம்தான் சாப்பிடுகிறோம். நோட்டில் இருக்கும் புகாரில் பாதிக்கு மேல் திங்கட்கிழமைதான். மீன் கோயம்புத்தூர் உக்கடத்திலிருந்து ஏறி வர வேண்டும். மழையில் மேட்டுப்பாளையம் ரோட்டில் மரம் விழுந்தால் அன்றைக்கு மீன் சாப்பாடு போர்டை எடுத்துவிடுவதுதான் நாணயம். எடுத்துவிட்ட கடைகளும் உண்டு, நோட்டில் எழுதியிருக்கிறேன். இத்தனைக்கும் நம் கேரட்டும் முட்டைக்கோஸும் தோட்டத்திலிருந்து இறங்கி மேட்டுப்பாளையம் மண்டியைப் பார்த்துவிட்டுத்தான் சிலசமயம் நம் தட்டுக்கே வருகிறது. அதைக் கேட்க எந்தச் சங்கம் இருக்கிறது?

பஜ்ஜியை நியூஸ் பேப்பரில் மடித்துத் தருவது பற்றியும் பேசினேன். பிளாஸ்டிக்கைத் தடை செய்தாயிற்று, வாழையிலை கீழேயிருந்து வருகிறது, விலை கட்டாது, பேப்பரும் கூடாதென்றால் கையிலா கொடுக்கிறது என்று கேட்டார்கள். அச்சு மை உடம்புக்கு ஆகாது என்று சொல்லிவிட்டு வந்தேன். அன்றைக்கு நானும் பேப்பரில்தான் வாங்கி வந்தேன்.

ஹோட்டல் மிச்சத்தைத் திறந்த தொட்டியில் கொட்டுவதால் கரடி வருவது தனிப் பிரச்சினை. இரண்டு மனு கொடுத்தோம். ஒரு பேக்கரியின் கதவைப் பெயர்த்து உள்ளே போயிருக்கிறது. பக்கத்துக் கடையைத் தொடவில்லை. நம் ஊர்க் கடைகளைப் பற்றிய கருத்தை இவ்வளவு வெளிப்படையாகச் சொன்னது அது ஒன்றுதான்.

சந்தா. மாதம் 50 ரூபாய். ஆண்டு விற்பனை 12 லட்சத்துக்குள் இருக்கும் சின்னக் கடை, வருடத்துக்கு 100 ரூபாய் கட்டி உணவுப் பாதுகாப்புப் பதிவு எடுத்துச் சான்றிதழைக் கண்ணில் படும்படி மாட்ட வேண்டும் என்பது 2024-25-ல் இருந்த விதி. நம் தெருமுனை டீக்கடைக்காரர் கட்டி, கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறார். நம் உறுப்பினர்களில் பாதிப் பேர் இரண்டு வருடமாக எதுவும் கட்டவில்லை. குறிப்பாக, காட்டேஜ் வைத்துக்கொண்டு சென்னையிலும் பெங்களூரிலும் இருப்பவர்களைச் சொல்கிறேன். பாக்கி கேட்டால் நெட்வொர்க் இல்லை. சீசனில் மட்டும், "செகரட்டரி சார், கெஸ்ட் வந்திருக்காங்க, நல்ல பிரியாணி எங்க கிடைக்கும்? நோட்டைப் பார்த்துச் சொல்லுங்க" என்று ராத்திரி ஒன்பது மணிக்குச் செய்தி வரும். நானும் பார்த்துச் சொல்லியிருக்கிறேன். இனி சொல்வேனா என்பது நிர்வாகக் குழுவின் முடிவைப் பொறுத்தது.

வரவு செலவைப் பொறுத்தவரை, வரவுக்குள் செலவு அடங்கியது என்று சுருக்கமாகச் சொல்லலாம். பொருளாளர் மகள் வீட்டுக்குப் போயிருப்பதால் விவரம் அவர் வந்ததும் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். ஷாமியானா பாக்கி சிறிது உண்டு.

ஹாலை இலவசமாகத் தந்தவர்களுக்கும், நோட்டைப் பத்திரமாக வைத்திருக்கும் பேப்பர் கடைக்காரருக்கும், சமையலறைக்குள் விட்ட ஐந்து கடைக்காரர்களுக்கும், கோபித்த ஒரு கடைக்காரருக்கும், தலைவருக்கும், துணைத் தலைவர்களுக்கும் சங்கத்தின் நன்றி.

அடுத்த ஆண்டு இந்தப் பொறுப்பில் தொடரும் எண்ணம் எனக்கு இல்லை. முழங்கால் வலி, படி ஏற முடியவில்லை. வேறு யாராவது முன்வந்தால் இன்றைக்கே சாவியைக் கொடுக்கத் தயார். யாரும் வராத பட்சத்தில், சந்தா பாக்கி ஜூனுக்குள் வந்தால், கடைக்காரர்களையும் கூப்பிட்டு உட்கார வைத்து ஒரு கூட்டம் நடத்தலாம் என்று இருக்கிறேன். நோட்டில் இன்னும் நூற்றெழுபது பக்கம் காலியாக இருக்கிறது.

தெர்மாமீட்டரைக் குழந்தைக்கு ஜுரம் என்று வாங்கிப் போன உறுப்பினர் தயவுசெய்து திருப்பித் தரவும். அது ஜுரம் பார்ப்பது அல்ல.

கூட்டம் முடிந்ததும் டீயும் வர்க்கியும் உண்டு. வர்க்கி இன்று காலை அடுப்பிலிருந்து எடுத்தது. நானே நின்று வாங்கி வந்தேன்.

இப்படிக்கு,
செயலாளர்