யூதப் பள்ளியில் கணக்கு வாத்தியாராகச் சேரும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

நியூஜெர்சியில் ஒரு யூத உயர்நிலைப் பள்ளியில் உனக்கு வேலை கிடைத்துவிட்டது என்று கேட்டதிலிருந்து அப்படி ஒரு சந்தோஷம். "ஆகஸ்ட் கடைசில சேரணும்க்கா, அங்க பசங்க எப்படி?" என்று கேட்டாய். பசங்க எப்படி என்று ஆகஸ்டில் தெரியாது. மே, ஜூனில்தான் தெரியும். அதனால் வருடக் கடைசியைப் பற்றியே எழுதுகிறேன். இதே மாதிரிப் பள்ளிகளுக்கு வேலைக்கு வரும் நம் ஆட்கள் மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்றுதான் எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன்.

முதலில் அவர்களுடைய நாள் எவ்வளவு நீளம் என்று புரிந்துகொள். என் பள்ளியைப் போல உன் பள்ளியும் ஆர்த்தடாக்ஸ் பள்ளிதான், அதாவது மத விதிகளை அப்படியே கடைப்பிடிக்கும் யூதர்களின் பள்ளி. காலை எட்டு மணிக்கு முன்பே பிரார்த்தனை. பாதி நாள் தோரா என்னும் யூத வேதம், கெமாரா (தால்முது என்னும் யூதச் சட்ட விவாத நூல்), எபிரேயம், யூத வரலாறு. மீதிப் பாதியில்தான் உன் கால்குலஸும் என் வேதியியலும். மற்றப் பள்ளிப் பிள்ளைகள் வீடு போய்ச் சேர்ந்து வெகுநேரம் கழித்துத்தான் இவர்கள் கிளம்புவார்கள். மாலையில் உன் வகுப்பில் ஒருவன் கண்ணயர்ந்தால், அவன் விடியற்காலையில் எழுந்தவன் என்பதை நினைத்துக்கொள்.

வருடமும் அப்படித்தான், துண்டு துண்டாக வரும். இலையுதிர் காலத்தில் ரோஷ் ஹஷானா, யோம் கிப்பூர், சுக்கோத் என்று பண்டிகைகள் வரிசை கட்டி நிற்கும். வசந்தத்தில் பெசாக். 2027இல் பெசாக் ஏப்ரல் 21 மாலை தொடங்கி 29 இரவுதான் முடிகிறது. மே முதல் இரண்டு வாரங்களில் ஏ.பி. தேர்வுகள், அதாவது பள்ளியிலேயே எழுதும் கல்லூரி அளவுத் தேர்வுகள். மே 4 யூத இனப்படுகொலை நினைவு நாள். மே 11 இஸ்ரேலின் உயிர்நீத்தோர் நினைவு நாள், அது முடிகிற அன்று இரவே சுதந்திர தினம் தொடங்கிவிடும். மாலை வரை தலைகுனிந்து நின்ற பிள்ளைகள் இருட்டியதும் கைகோத்து ஆடுவார்கள். அந்த நிகழ்ச்சிகளை நடத்துவதும் பெரும்பாலும் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள்தான், அதுவும் தேர்வுக்குப் படித்துக்கொண்டே. ஆகவே பாடத்தைப் பெசாக்குக்கு முன்பே முடித்துவிடு. வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எதையும் தள்ளிப்போடாதே.

அப்புறம் பரிசுகள், கோப்பைகள். அதற்கு ஒன்றும் குறைவில்லை. நியூயார்க்கில் யெஷிவா பல்கலைக்கழகம் நடத்தும் சராசெக் கூடைப்பந்துப் போட்டிக்கு நாடு முழுவதிலிருந்தும் யூதப் பள்ளி அணிகள் வரும். அந்தப் பல்கலைக்கழகத்தின் பழைய பயிற்சியாளர் ரெட் சராசெக்கின் பெயரில் 1992இலிருந்து நடக்கிறது. வெள்ளிக்கிழமை சூரியன் மறைவதற்குள் ஆட்டம் நின்றுவிடும், ஒன்றையொன்று தோற்கடித்த அணிகள் சபாத் என்னும் வார ஓய்வு நாளை ஒன்றாகக் கழிக்கும். வேதாகமப் போட்டியான ஹிதோன் ஹதனாக்கும் உண்டு. அதன் இறுதிச் சுற்று சுதந்திர தினத்தன்று ஜெருசலேமில் நடக்கும். ரோபாட்டிக்ஸ், விவாதம், நாடகம் எல்லாம் மற்றப் பள்ளிகளைப் போலத்தான். இதையெல்லாம் நீ எப்படியும் பார்ப்பாய், அறிவிப்புப் பலகையிலேயே போட்டிருப்பார்கள்.

நீ தவறவிட்டுவிடக் கூடாது என்று நான் பயப்படுவது சியும் என்கிற நிகழ்ச்சியைத்தான். பொதுப்பாட ஆசிரியர்கள் பலர் அது ரப்பிகளின், அதாவது யூத மதகுருக்களின், விஷயம் என்று ஒதுங்கிப் போய்விடுகிறார்கள்.

தால்முதில் ஒரு பகுதியை, அதாவது ஒரு மசெக்தாவை, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்து முடித்தால் நடக்கும் விழா அது. படிப்பதென்றால் சும்மா வாசிப்பதில்லை. மூலம் பெரும்பாலும் அரமேய மொழி, நிறுத்தற்குறி கிடையாது, நடுவில் மூலமும் இருபுறமும் ராஷி, தோசஃபோத் உரைகளும் இருக்கும். இரண்டிரண்டு பேராக ஜோடி சேர்ந்து சத்தமாக வாதாடிப் படிப்பார்கள். அந்த ஜோடியை ஹவ்ரூசா என்பார்கள். ஒருநாள் அந்தக் கூடத்துக்குள் போய்ப் பார். என் வகுப்பில் சமன்பாட்டைச் சரிக்கட்டத் திணறிய ஒரு பையன், அங்கே மேசையைத் தட்டித் தன் கூட்டாளியின் தர்க்கத்தில் ஓட்டையைக் காட்டிக்கொண்டிருந்தான். அன்றிலிருந்து அவனுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் விதத்தையே மாற்றினேன். விடையைச் சொல்லாமல், தப்பான விடை ஒன்றைப் பலகையில் எழுதி "மறுத்துப் பேசு" என்பேன். பிழைத்துக்கொண்டான்.

பெரும்பாலும் கடைசிச் சில வரிகளை மட்டும் விட்டுவைத்திருப்பார்கள். விழா அன்று எல்லோர் முன்னிலையிலும் அதைப் படித்து முடிப்பார்கள். பிறகு ஹத்ரான் என்ற பகுதியைச் சொல்வார்கள். திரும்ப உன்னிடம் வருவோம், எங்கள் நினைவு உன்மேல், உன் நினைவு எங்கள்மேல் என்று அந்தப் புத்தகத்தைப் பார்த்தே பேசுவார்கள். அதற்குள் ராவ் பாப்பா என்ற அறிஞரின் பத்துப் பிள்ளைகளின் பெயர்களும் வரும். அவர் ஒவ்வொரு மசெக்தாவை முடித்தபோதும் விருந்து வைத்து, பிள்ளைகளை உட்காரவைத்தார் என்று ஒரு விளக்கம் சொல்வார்கள். பிறகு கதீஷ் என்ற நீளமான ஒரு பிரார்த்தனை, அதற்குப் பத்துப் பேராவது கூடியிருக்க வேண்டும். அப்புறம் சாப்பாடு, பாட்டு, ஆட்டம்.

என்னை அசைத்தது இந்த விருந்தின் கதை. 4ஆம் நூற்றாண்டில் பாபிலோனில் பும்பெதிதா பாடசாலையின் தலைவராக இருந்த அபாயே, இளம் மாணவன் ஒருவன் மசெக்தாவை முடித்துவிட்டான் என்று கண்டால் அறிஞர்களுக்கெல்லாம் விருந்து வைப்பேன் என்று தால்முதிலேயே சொல்கிறார். முடித்தது மாணவன், கொண்டாடியது ஆசிரியர், சாப்பிட்டது ஊர். பெசாக்குக்கு முந்தைய நாள் தலைப்பிள்ளைகள் நோன்பிருக்கும் வழக்கம் உண்டு. அன்று யாரோ ஒருவருடைய சியும் விருந்தில் போய் உட்கார்ந்தால், வந்தவருக்கும் அந்த நோன்பு இல்லை. ஒருவன் படித்து முடித்தது பக்கத்தில் இருப்பவனுக்கும் சேருகிறது. நம் ஊர்ப் பள்ளி வாசலில் முதல் மூன்று பேரின் படத்தை மட்டும் மதிப்பெண்ணோடு பெரிதாகப் போட்டு பேனர் கட்டுவார்களே, அதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது மனதில் இறங்கக் கொஞ்ச நாள் ஆகும். ஆனால் இறங்கட்டும் தம்பி. முடிக்காதவனுக்கும் இடம் இருக்கிற மேடை நல்ல மேடை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

உன் பள்ளியில் பெண் பிள்ளைகளும் கெமாரா படிக்கிறார்கள் என்று சொன்னாய். அவர்களுடைய சியுமுக்குக் கட்டாயம் போ. தால்முது வகுப்பு நெடுங்காலம் ஆண்களுக்கு மட்டுமே இருந்தது, இன்றும் பெண்களுக்கு அதைக் கற்பிக்காத பள்ளிகள் ஏராளம். பாஸ்டனில் 1937இல் மைமோனிடிஸ் பள்ளியைத் தொடங்கிய ரப்பி ஜோசஃப் சொலொவெய்ச்சிக், பையன்களோடு சேர்த்துப் பெண்களுக்கும் தால்முது சொல்லிக்கொடுக்க வைத்தார். பெரிய ரப்பி ஒருவரே முன்னின்று செய்ததால் பலருக்கு வழி திறந்தது. பதினேழு வயதுப் பெண் ஒருத்தி எழுந்து ஹத்ரான் சொல்லும்போது அவள் பாட்டிகள் முகத்தைப் பார்.

நீ சேரும் வருடத்துக்கு இன்னொரு விசேஷமும் இருக்கிறது. தினம் தால்முதில் ஒரு தாள் என்று உலகம் முழுக்க ஒரே தாளைப் படிக்கும் தஃப் யோமி முறையை 1923இல் ரப்பி மெய்ர் ஷாபிரோ தொடங்கிவைத்தார். மொத்தம் 2,711 நாள், ஏழரை வருடம். போன சுற்று முடிந்ததற்கு 2020 ஜனவரி 1 அன்று, இங்கே பெர்கன் கவுண்டி மெட்லைஃப் மைதானத்தில், அந்தக் குளிரில் சுமார் 90,000 பேர் கூடினார்கள். இப்போதைய சுற்று 2027 ஜூன் 7 அன்று முடிகிறது. உன் பன்னிரண்டாம் வகுப்புக்காரர்கள் பட்டம் வாங்குகிற நேரம். பள்ளியே அன்று வேறு மாதிரி இருக்கும்.

பலர் கல்லூரிக்கு முன் ஒரு வருடம் இஸ்ரேலுக்குப் படிக்கப் போவார்கள். 2023 அக்டோபரில் இஸ்ரேல்மேல் ஹமாஸ் நடத்திய தாக்குதலுக்குப் பிறகு அந்தப் பேச்சில் பெற்றோரின் கவலையும் சேர்ந்துகொண்டது. பிள்ளைகள் உன்னிடம் வந்து பேசினால் கேள், போதும்.

கடைசியாகச் சாப்பாட்டு விஷயம். விழாவுக்கு அம்மா அனுப்பிய முறுக்கை எடுத்துக்கொண்டு போகாதே. சுத்த சைவமாக இருந்தாலும் வீட்டுப் பலகாரம் கோஷர், அதாவது யூத உணவு விதிப்படியானது, ஆகாது. கோஷர் என்று சான்று சொல்லும் ஓ.யு. முத்திரை போட்ட, பிரிக்காத பாக்கெட் வாங்கிக்கொள். தோரா கிடைத்த நாளைக் கொண்டாடும் ஷவுவோத் பண்டிகை ஜூன் 11, 12. அது தொடங்கும் ஜூன் 10 இரவு விடிய விடியப் படிப்பார்கள், அதை ஒட்டித் தேர்வு எதுவும் வைத்துவிடாதே. சியும் எப்போது என்று ரப்பியிடம் செப்டம்பரிலேயே கேட்டு வை. அன்று மாலை வேறு எந்த வேலையும் வைத்துக்கொள்ளாதே. சரி, சேர்ந்ததும் எழுது.

அன்புடன்,
அக்கா