வாட்டர் பாடியைக் கழற்றும் முன்

அன்புள்ள குமரேசா,

இங்கே எல்லாரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி மட்டும் அப்படியேதான். பொங்கலுக்கு வாழ்த்துச் சொன்னதோடு சரி, அப்புறம் உன் பக்கமிருந்து சத்தமே இல்லை. அதற்கான திட்டு நேரில்.

சட்டி மணி ஒரு சேதி சொன்னான். உன் மாருதி 800-இல் வாட்டர் பாடி, அதுதான் இன்ஜினுக்குத் தண்ணீர் சுற்றவிடும் பம்ப், ஒழுகுகிறதாம், ஞாயிற்றுக்கிழமை நீயே கழற்றப் போகிறாயாம். சைக்கிள் செயினையே தலைகீழாக மாட்டிய ஆள் நீ, ஆறுமுகம் அண்ணன் இன்னமும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார். சரி, ஆசைப்பட்டுவிட்டாய், செய். ஆனால் ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் கூலண்டை, அதாவது இன்ஜினைக் குளிரவைக்கும் திரவத்தை, ஒழுங்காக வடித்துவிடு.

முதல் நாள் ராத்திரியே வண்டியை நிறுத்திவிடு. சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியில் கை வைக்காதே. உள்ளே அழுத்தம் இருப்பதால்தான் 100 டிகிரி தாண்டியும் அது கொதிக்காமல் கிடக்கிறது. மூடி திறந்த நொடியில் அத்தனையும் பொங்கி முகத்தில் அடிக்கும். காலையில் முதலில் மூடியைத் திற, அப்புறம்தான் கீழே உள்ள பிளக்கைத் தளர்த்து. மேலே காற்றுப் போக வழியில்லாவிட்டால் நூலாகச் சொட்டிக்கொண்டே இருக்கும், நீ பொறுமை இழந்து பிளக்கை உடைப்பாய். ரேடியேட்டர் காலியானதும் எல்லாம் வந்துவிட்டது என்று நினைக்காதே. இன்ஜின் பிளாக்குக்குள் இன்னும் மிச்சம் நிற்கும். கீழ் ஹோஸைக் கழற்று, பாடியை எடுக்கும்போதும் பேசினை அடியிலேயே வைத்திரு.

அந்தப் பேசினை நினைத்துத்தான் எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. உன் கருப்பன் எதைப் பார்த்தாலும் நக்குகிறவன். கூலண்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும். கலப்பில்லாததாக இருந்தால், உடல் எடையில் கிலோவுக்கு ஐந்தாறு மில்லி போதும், நாய் செத்துவிடும். பூனைக்கு அதைவிடக் குறைவே போதும். முதலில் குடிகாரன் மாதிரி தள்ளாடும். அப்புறம் தெளிந்துவிட்டதுபோல் தெரியும், நாமும் நிம்மதியாகிவிடுவோம். அதற்குள் சிறுநீரகம் போய்க்கொண்டிருக்கும். நக்கிவிட்டான் என்று சந்தேகம் வந்தாலே போதும், காத்திருக்காமல் கால்நடை டாக்டரிடம் ஓடு. அன்றைக்கு அவனைக் கட்டிப்போடு, பக்கத்து வீட்டுக் குழந்தைகளையும் அண்டவிடாதே. தரையில் சிந்தியதைத் தண்ணீர் விட்டு அலசு. வடித்ததைச் சாக்கடையில் கொட்டாமல் கேனில் மூடி வை, பழைய கூலண்ட் எடுத்துக்கொள்ளும் ஒர்க் ஷாப்பில் கொடுத்துவிடலாம்.

திரும்ப ஊற்றும்போது உங்கள் ஊர் போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம். குடத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிற உப்பு ரேடியேட்டர் குழாய்க்குள்ளும் படியும். டிஸ்டில்ட் வாட்டர் பாதி, கூலண்ட் பாதி. பச்சை, சிவப்பு என்று நிறத்தைப் பார்த்து வாங்காதே, டப்பாவில் எழுதியிருப்பதைப் படி. மூடியைத் திறந்து வைத்தே இன்ஜினை ஸ்டார்ட் செய்து சும்மா ஓடவிடு. குமிழ் வருவது நின்று, மட்டம் இறங்காமல் நின்றால் காற்று போய்விட்டது, மூடிவிடலாம்.

பாடிக்கும் இன்ஜினுக்கும் நடுவில் வைக்கும் புது கேஸ்கட் வாங்கினாயா? பழையதையே ஒட்டவைக்கலாம் என்று மணி சொல்லியிருப்பான், கேட்காதே. ஞாயிறு காலை நானே வருகிறேன், அதுவரை பிளக்கைத் திருகாதே. மதியம் மட்டன் என்று தங்கச்சியிடம் சொல்லிவை.

அன்புடன்,
செல்வம்