‘அறியப்படாத கண்டம்’: வரலாற்றுப் பாடத்திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பாடத்திட்டக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். சில ஆண்டுகளுக்கு முன் விடைத்தாள் திருத்தும் முகாம் ஒன்றில், உலக வரலாற்றுத் தாளில் இரண்டு மதிப்பெண் வினாவாக இது வந்திருந்தது: ‘ஆப்பிரிக்கா ஏன் இருண்ட கண்டம் எனப்பட்டது?’ அதன் உட்பகுதி அறியப்படாமல் இருந்ததால் என்பது விடைக்குறிப்பு. ஒரு மாணவி மட்டும், ‘அங்கே வாழ்ந்தவர்களுக்கு அது தெரிந்துதான் இருந்தது’ என்று ஒரே வரியில் எழுதியிருந்தார். குறிப்பில் இல்லாத விடை என்பதால் சிவப்பு மையால் சுழியம் போட்டுவிட்டு அடுத்த தாளைப் புரட்டினேன். இம்மடலை அந்தச் சுழியத்துக்கான பிராயச்சித்தம் என்று கொள்ளலாம்.

அந்தத் தாளின் பாடத்திட்டத்தில் ஆப்பிரிக்கா மூன்றே இடங்களில் தலைகாட்டியது: அடிமை வணிகம், ஐரோப்பிய வல்லரசுகள் ஆப்பிரிக்காவைப் பங்கிடக் கூடிய 1884–85ஆம் ஆண்டுகளின் பெர்லின் மாநாடு, இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய விடுதலை. விடுதலைகூட ‘வழங்கப்பட்டது’ என்றே அச்சாகியிருந்தது. எகிப்தைக் கண்டத்திலிருந்து கழற்றி மெசபடோமியாவோடு ஒரே அலகில் கோத்திருந்தார்கள். அமெரிக்கக் கறுப்பின அறிஞர் மோலெஃபி கெடே அசாண்டே 1980இல் ஆப்பிரிக்க மைய நோக்கு என்ற கருத்தை நூலாக முன்வைத்தபோது எழுப்பிய வாதத்தை நம் இலக்கணச் சொல்லால் எளிதாகச் சொல்லிவிடலாம்: தம் வரலாற்று வாக்கியங்களில் ஆப்பிரிக்கர் செயப்படுபொருளாகவே கிடக்கிறார்கள், அவர்கள் எழுவாயாக வேண்டும்.

ஆப்பிரிக்காவுக்குக் கூடுதலாக ஓர் அலகு ஒதுக்குங்கள் என்று கேட்க இதை எழுதவில்லை. எங்கே நின்று பார்க்கிறோம் என்பது ஆய்வுமுறையைச் சேர்ந்த கேள்வி. நிற்கும் இடம் பிசகினால் சான்றே அழிந்துபோகும். இன்றைய சிம்பாப்வே நாட்டிலுள்ள பெரிய சிம்பாப்வே என்னும் கல் நகரத்துக்கு அதுதான் நேர்ந்தது.

இன்றைய ஷோனா மக்களின் முன்னோர் ஏறத்தாழ 11 முதல் 15ஆம் நூற்றாண்டு வரை வாழ்ந்து எழுப்பிய அந்நகரில், சுமார் 250 மீட்டர் சுற்றளவும் சில இடங்களில் 11 மீட்டர் உயரமும் கொண்ட பெருமதில், சாந்து எதுவுமின்றிக் கருங்கல்லை அடுக்கியே கட்டப்பட்டு இன்றும் நிற்கிறது. 1871இல் அங்கே சென்ற கார்ல் மௌக் என்ற ஜெர்மானியப் பயணி, வாசலின் மேல்விட்டத்திலிருந்து ஒரு சிறாய் பெயர்த்து, தன் கையிலிருந்த பென்சிலின் மரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார். இரண்டும் ஒன்றுபோல் இருந்தன. எனவே அது தேவதாரு. எனவே லெபனானிலிருந்து வந்தது. எனவே இக்கட்டடம் பைபிளில் சாலமோன் மன்னரைக் காணச் சென்றதாக வரும் ஷேபா நாட்டு அரசியோடு தொடர்புடையது என்று முடித்துவிட்டார். சுற்றிலும் வாழ்ந்த மக்களின் முன்னோர் கட்டியிருக்கலாம் என்ற எண்ணம் எழ அவரிடம் இடமே இருக்கவில்லை.

இது ஒருவருடைய அவசரமாக இருந்திருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். 1902இல் அவ்விடத்தின் பொறுப்பை ஏற்ற ரிச்சர்ட் ஹால் என்ற பத்திரிகையாளர், மேலே கிடந்த ஆப்பிரிக்கக் குடியிருப்பின் ‘குப்பையை’ நீக்கினால் அடியில் உண்மையான கட்டுநர்களின் தடயம் கிடைக்கும் என்று நம்பி, பல அடி ஆழத்துக்கு மண்ணடுக்குகளை வெட்டி வெளியே கொட்டினார். அவர் குப்பை என்று எறிந்ததுதான் அந்நகரின் வரலாறு. இன்று எந்தப் பல்கலைக்கழகம் நினைத்தாலும் அவ்வடுக்குகளை மீட்க முடியாது. 1905இல் டேவிட் ராண்டல்-மக்கைவரும் 1929இல் கெர்ட்ரூட் கேட்டன்-தாம்சனும் அகழ்ந்து, இது ஆப்பிரிக்கர் கட்டியதே என்று தெளிவாக எழுதினார்கள். ஆயினும் 1965க்குப் பின் ரொடீசியாவை (இன்றைய சிம்பாப்வேயை) ஆண்ட வெள்ளையர் அரசுக்கு அந்த முடிவு கசந்தது. நினைவுச்சின்ன ஆய்வாளராக இருந்த பீட்டர் கார்லேக் 1970இல் நாட்டை விட்டே வெளியேற நேர்ந்தது.

அங்கே கிடைத்த இந்தியக் கண்ணாடி மணிகளும் சீனப் பீங்கானும் பாரசீகக் கலமும், அந்நகரம் கடல் வணிகத்தோடு கொண்டிருந்த தொடர்பைச் சொல்பவை. அவற்றையே அயலார் கட்டியதற்குச் சான்றாகக் காட்டியவர்களும் இருந்தார்கள். நமக்கு இது புதிய கதை அன்று. 1945இல் அரிக்கமேட்டை அகழ்ந்த மார்ட்டிமர் வீலர், ரோமானியப் பண்டங்களின் வழியாகவே அவ்வூரைப் படித்தார். ரோமானிய வணிகத்துக்கு முன்பே அங்கே குடியிருப்பு இருந்ததை 1989–92 அகழாய்வில் விமலா பெக்லி காட்ட வேண்டியிருந்தது.

மக்கைவரும் கேட்டன்-தாம்சனும் ஐரோப்பியர்களே என்று தாங்கள் சுட்டக்கூடும். உண்மைதான், ஆய்வாளரின் தோல் நிறத்தைப் பற்றி நான் பேசவில்லை. ஆனால் கட்டியவர் யார் என்ற கேள்வி தீர்ந்த பிறகும், அவ்விடம் சுற்றியுள்ள மக்களுக்கு என்னவாக இருந்தது என்ற கேள்வி நெடுங்காலம் ஆய்வின் ஓரத்திலேயே கிடந்தது. அதை நடுவே கொண்டுவந்தவர்களில் ஒருவர் சிம்பாப்வேயின் தொல்லியலாளர் வெபர் இந்தோரோ. ஆய்வாளருக்கு நினைவுச்சின்னமாகத் தெரிந்தது அம்மக்களுக்கு வழிபாட்டிடம்; வேலி போட்டு நுழைவுச்சீட்டு வைத்த பாதுகாப்பே அவர்களை வெளியே நிறுத்தியது என்று அவர் காட்டினார். பூசை நின்ற பழங்கோயிலில் தொல்லியல் துறையின் பலகையைப் பார்த்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கென்யாவின் நைரோபியில் 1968 அக்டோபரில் எழுத்தாளர் கூகி வா தியாங்கோ, ஹென்றி ஓவூர்-அன்யும்பா, தபன் லோ லியோங் ஆகிய மூவரும் பல்கலைக்கழகத்துக்கு அளித்த குறிப்பாணையும் தங்கள் மேசைக்கு வர வேண்டிய ஆவணமே. ஆங்கிலத் துறையை ஒழித்துவிட்டு, ஆப்பிரிக்க இலக்கியத்தை நடுவில் வைத்து, பிற இலக்கியங்களை அதனோடு அவற்றுக்குள்ள உறவின் வழியே படிக்கலாமே என்று அவர்கள் கேட்டார்கள். ஷேக்ஸ்பியரைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. வாய்மொழி இலக்கியத்துக்கும் வகுப்பறையில் நாற்காலி போடச் சொன்னார்கள்.

ஆப்பிரிக்க மையம் என்ற பெயரில் வருவதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு ஏற்க வேண்டியதில்லை. செனகல் அறிஞர் ஷேக் அன்டா டியோப், பண்டைய எகிப்தியர் கறுப்பின மக்களே என்று 1954 முதல் வாதிட்டார். 1974இல் கெய்ரோவில் யுனெஸ்கோ கூட்டிய கருத்தரங்கில் அவரும் தியோபில் ஒபெங்காவும் கொண்டுவந்த அளவுக்கு ஆயத்தத்தோடு மற்றவர்கள் எல்லோரும் வரவில்லை என்று அறிக்கையே ஒப்புக்கொண்டது. அவருடைய முடிவுகள் பல இன்றும் சர்ச்சைக்குரியவை. அந்தச் சர்ச்சையோடு சேர்த்தே அவரைப் பாடமாக்கலாம். ‘ஆப்பிரிக்க உலகநோக்கு’ என்ற சொல்லிலும் ஒரு கண்ணி உண்டு. நடு, தென் ஆப்பிரிக்கப் பகுதிகளில் பரவி வாழும் பாண்டு மொழிகள் பேசும் மக்கள் அனைவருக்கும் பொதுவான மெய்யியல் ஒன்றை 1945இல் நூலாக்கித் தந்தவர் காங்கோவில் பணியாற்றிய பெல்ஜியப் பாதிரியார் பிளாசிட் டெம்பெல்ஸ். ஒரு மக்கள்திரள் முழுவதும் ஒரே குரலில் சிந்திப்பதாகக் காட்டுவதும் இழிவுபடுத்தலே என்று அதை மறுத்தவர் பெனின் நாட்டு மெய்யியலாளர் பௌலின் ஹூன்டோன்ஜி. கானாவின் மெய்யியலாளர் குவாசி விரெடு இன்னும் நுட்பமான வழியில் போனார். அவருடைய தாய்மொழியான அகானில் ‘இருத்தல்’ என்பது ஓரிடத்தில் இருத்தலையே குறிக்கும். ‘சிந்திக்கிறேன், ஆகவே இருக்கிறேன்’ என்ற பிரெஞ்சு மெய்யியலாளர் டெகார்ட்டின் கூற்றை அம்மொழியில் பெயர்த்தால் ‘ஆகவே அங்கே இருக்கிறேன்’ என்று ஆகிவிடும். உடலும் இடமும் இல்லாத ஆன்மாவை நிறுவ வந்த வாக்கியம் அங்கேயே கவிழ்ந்துவிடும். உலகப் பொதுவானது என்று நாம் மனப்பாடம் செய்த ஒரு மெய்யியல் சிக்கல் சில மொழிகளின் சிக்கலாக இருக்கலாம் என்று இதைவிடச் சுருக்கமாகக் காட்டும் எடுத்துக்காட்டை நான் அறியேன்.

ஆகவே என் வேண்டுகோள்கள் சிலவே. யுனெஸ்கோ எட்டுத் தொகுதிகளாக வெளியிட்ட ஆப்பிரிக்கப் பொது வரலாற்றிலிருந்து சில இயல்களையாவது தமிழாக்கி, பார்வை நூலாக அன்றிப் பாட நூலாகவே வையுங்கள். எகிப்தையும் அதன் தெற்கே நைல் கரையிலிருந்த நூபியாவையும் அவை இருக்கும் கண்டத்திலேயே வையுங்கள். விரெடுவையும் ஹூன்டோன்ஜியையும் மானிடவியல் தாளுக்குத் தள்ளாமல் மெய்யியல் தாளில் சேர்க்கப் பரிந்துரையுங்கள். இதற்கெல்லாம் கூட்டமும் ஒப்புதலும் வேண்டும், காலம் ஆகும் என்பது எனக்குத் தெரியும். அந்த இரண்டு மதிப்பெண் வினா இன்னும் வினா வங்கியில் இருந்தால், அதை மட்டும் அடுத்த பருவத் தேர்வுக்குள், ‘ஆப்பிரிக்காவை இருண்ட கண்டம் என்று அழைத்தவர்கள் யார்? அவர்கள் அறியாதிருந்தவை எவை?’ என்று மாற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர்