பூட்டியிருக்கிறதா என்று கேளுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். அமெரிக்கத் துப்பாக்கி வன்முறை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, பள்ளிகளில் நடக்கும் கொலைகளோடு நின்றுவிட்டது. அந்தப் பயம் நியாயமானதுதான். இங்கே பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் எல்லோருக்கும் அது உண்டு. ஆனால் துப்பாக்கியால் போகும் உயிர்களில் பாதிக்கு மேல் தற்கொலைகள். 2022இல் இறந்த சுமார் 48,000 பேரில் 27,000 பேர் அப்படிப் போனவர்கள். நம் தமிழ்ச் சங்கக் கூட்டங்களில் இதைப் பற்றி யாரும் வாயே திறப்பதில்லை.

தற்கொலை எண்ணம் பலருக்கு வேகமாக வந்து வேகமாக வடிந்துவிடும். அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் துப்பாக்கி இருந்தால் மனம் மாற அவகாசமே கிடைப்பதில்லை. துப்பாக்கிக்குப் போட்ட பூட்டு அந்த அவகாசத்தைக் கொடுக்கும்.

பள்ளிக்குப் போகும் துப்பாக்கியும் பெரும்பாலும் வீட்டிலிருந்துதான் போகிறது. 2021 நவம்பரில் எங்கள் மிச்சிகன் மாநிலத்தில், ஆக்ஸ்ஃபோர்டு உயர்நிலைப் பள்ளியில் 4 மாணவர்களைக் கொன்ற 15 வயதுப் பையன் கையில் இருந்தது, அப்பா 4 நாள் முன்பு வாங்கிய கைத்துப்பாக்கி. 2024இல் அம்மா, அப்பா இருவருக்கும் 10 முதல் 15 ஆண்டு சிறை விதித்தார்கள். அதே ஆண்டு பிப்ரவரியிலிருந்து, சிறுவர்கள் இருக்கும் அல்லது வந்துபோகும் வீட்டில் துப்பாக்கியைப் பூட்டி வைப்பது இங்கே சட்டப்படி கட்டாயம். நம்மவர்களிலும் துப்பாக்கி வாங்குபவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இது தெரிந்தாக வேண்டும்.

பல காவல் நிலையங்களில் கம்பிவடப் பூட்டை இலவசமாகவே கொடுக்கிறார்கள். முதலில் தோட்டாக்களை எடுத்துவிட வேண்டும். அப்புறம் வடத்தைத் தோட்டா ஏறும் வழியாக நுழைத்து, மறுபக்கம் இழுத்துப் பூட்ட வேண்டும். அவ்வளவுதான், பிறகு தோட்டா ஏற்ற முடியாது. தோட்டாக்களைத் தனியாகப் பூட்ட வேண்டும். சாவியை அலமாரி மேல் வைத்துவிட்டு, பிள்ளைக்குத் தெரியாது என்று நம்புவதுதான் பெரிய தப்பு. பிள்ளைக்குத் தெரியாத அலமாரி எந்த வீட்டில் இருக்கிறது?

மகளைத் தோழி வீட்டுக்கு விளையாட அனுப்புமுன் நாய் இருக்கிறதா, நீச்சல் குளத்துக்கு வேலி இருக்கிறதா என்று கேட்கிறோம். துப்பாக்கியைப் பற்றிக் கேட்க மட்டும் கூச்சம். நான் போனில் நேராகவே கேட்கிறேன்: “உங்க வீட்ல துப்பாக்கி இருக்கா? இருந்தா பூட்டி வெச்சிருக்கீங்களா?” இதுவரை யாரும் கோபித்துக்கொண்டதில்லை. ஒரு தகப்பனார் தன் இரும்புப் பெட்டகத்தைப் படமெடுத்தே அனுப்பினார்.

ஜூன் மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை, துப்பாக்கி வன்முறைக்கு எதிராக இங்கே பலர் ஆரஞ்சு நிற உடை அணிகிறார்கள். 2013இல் சிகாகோவில் சுட்டுக் கொல்லப்பட்ட 15 வயது மாணவியின் நண்பர்கள் தேர்ந்தெடுத்த நிறம் அது. காட்டில் வேட்டைக்காரர்கள் ஒருவரையொருவர் தவறிச் சுட்டுவிடாமலிருக்க அணிவதும் அதைத்தான். சட்டை போட்டுப் படம் எடுப்பதோடு விடாமல், தமிழ்ச் சங்கங்களும் தமிழ்ப் பள்ளிகளும் அந்த வாரம் உள்ளூர்க் காவலர் ஒருவரை அழைத்து, பெற்றோர் முன் பூட்டைப் போட்டுக் காட்டச் சொல்ல வேண்டும்; பூட்டுகளையும் அங்கேயே கொடுத்தனுப்பலாம்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அமெரிக்காவில் மன நெருக்கடியில் இருப்பவர்கள் இரவு பகல் எந்நேரமும் 988 என்ற எண்ணை அழைக்கலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம். அந்த எண்ணை ஒவ்வோர் இதழிலும் கண்ணில் படும் இடத்தில் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மிச்சிகன்